மாமியார் மிதித்த பெடல்

அத்தியாயம் 9

கொலை முயற்சி நடந்த இடத்தில் வெனிலா வாசம் வீசும் என்று சோடா எதிர்பார்க்கவில்லை.

ஒர்க் ஷாப்பின் நடுவே ஒரு வெள்ளைக் கார் நின்றது. அதன் மூக்கில் கிரீம், வைப்பரில் கிரீம். கூரையில் இருந்த 'பழகுநர் வாகனம்' பலகையின் மேல் சர்க்கரையில் செய்த ஓர் அன்னப்பறவை, தலை மட்டும் இல்லாமல், கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. காருக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஓர் அம்மாள் அதைவிடக் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். வலது காதுக்கு மேலே அவருக்கும் ஒரு கை கிரீம். தோளில் ஐசிங் ரோஜா ஒன்று வாடாமல் பூத்திருந்தது.

பாவமாக இருந்தது. சோடா கைக்குட்டையை எடுத்து நீட்டினான்.

"துடைச்சுக்கோங்கம்மா."

"தொடாதே! சாட்சியம்!"

சோடா கையை இழுத்துக்கொண்டு தன் முதலாளியின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தான். நாற்பத்தொரு வயதில் கிரீம் பூசிய அம்மாளிடம் அடி வாங்கினால் வெளியே சொல்லிக்கொள்ள முடியாது.

அவன் முதலாளிக்கு ஊரில் 'சர்வேயர் அக்கா' என்று பெயர். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக இருபத்திரண்டு வருஷம் விபத்து வண்டிகளை அளந்தவர். நசுங்கிய பம்பரைப் பார்த்தே, "இது மோதினது இல்ல, மோத விட்டது" என்று சொல்லிவிடுவார். அந்த வேலையை விட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்தபோது, கூடவே ஒட்டிக்கொண்டவன் சோடா. மூடியைத் திறந்தால் பொங்குவான் என்பதால் அந்தப் பெயர். மூடியை மூட இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை.

அவர்களை அழைத்தது அம்மாளின் மகள். இரண்டு மணிக்கு போனில் அழுதிருந்தாள். "அஞ்சு மணிக்கு இன்ஸ்பெக்டர் வர்றாரு. என் வீட்டுக்காரரைப் பிடிச்சுக் கொடுக்கப் போறாங்க. பிடிச்சுக் கொடுக்கறது எங்கம்மா!"

இப்போது மணி மூன்று பத்து. அந்த வீட்டுக்காரர், அதாவது ஒர்க் ஷாப்பின் சொந்தக்காரரான மெக்கானிக் மாப்பிள்ளை, ஸ்பேனர் மாட்டியிருந்த பலகையோடு பலகையாக ஒட்டி நின்றார். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன நடந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்கம்மா," என்றார் சர்வேயர் அக்கா.

அந்த அம்மாளை எல்லோரும் 'ஸ்டியரிங்கம்மா' என்பார்கள். இருபத்தைந்து வருஷமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் கியர் போடப் பழகினார்கள். அவர் மடியிலிருந்த நான்கு பக்கப் புகாரை விரித்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இன்று காலை பத்தரை மணிக்கு, சர்வீசுக்கு விட்டிருந்த என் காரை எடுக்க வந்தேன். ஸ்டார்ட் செய்தேன். வாசல் சரிவில் இறங்கினேன். பிரேக்கை மிதித்தேன். பெடல் தரைக்குப் போனது. கார் எதிரே இருந்த பேக்கரிக்குப் போனது."

"ஹேண்ட் பிரேக்?"

"இழுத்தேன். அதனாலதான் மெதுவா போய் இடிச்சுது. இல்லேன்னா அடுப்பு வரைக்கும் போயிருப்பேன்! ஷோகேஸ் கண்ணாடி போச்சு. கல்யாண கேக், மூணு அடுக்கு. கீழ ரெண்டு அடுக்கு கார் மேல. கதவைத் திறந்து இறங்கினேன், மூணாவது அடுக்கு என் மேல." அவர் புகாரை மடித்தார். "அந்த பிரேக்குல கடைசியா கை வெச்சவர் யாரு? அவர்!"

விரல் மாப்பிள்ளையை நோக்கி நீண்டது. கண் மட்டும் அவரைப் பார்க்காமல் மேலே ஃபேனைப் பார்த்தது.

சோடாவுக்கு மகள் காதோடு காரணம் சொன்னாள். ஒன்றரை வருஷத்துக்கு முன்பு லைசென்ஸ் வாங்கப் பழக வந்தவர், மகளைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து அம்மா மாப்பிள்ளையிடம் நேரடியாக ஒரு வார்த்தை பேசியதில்லை. எதைச் சொன்னாலும் ஃபேனிடம் சொல்வார், இல்லை காலண்டரிடம் சொல்வார். கிளாஸும் அன்றோடு நின்றுபோனதால், ஊரார் கார்களையெல்லாம் பழுது பார்க்கும் மாப்பிள்ளைக்கு இன்று வரை லைசென்ஸ் கிடையாது.

"ஒன்றரை வருஷமா சுத்தற வேலையைவிட ஃபேனுக்குக் கேக்கற வேலைதான் ஜாஸ்தி போல," என்றான் சோடா.

"என் பொண்ணைக் கூட்டிட்டுப் போனது பத்தாது, என்னையும் மேல அனுப்பப் பார்க்கறாரு!" என்று ஸ்டியரிங்கம்மா ஃபேனிடம் முறையிட்டார். "குழாயை அறுத்திருக்காரு! வேணும்னேதான். இல்ல, அதுக்குக்கூட அறிவு பத்தாது. இடது எது வலது எதுன்னே தெரியாத ஆளு! என் கண்ணாலயே பார்த்தேன்!"

சர்வேயர் அக்கா பையிலிருந்து நோட்டை எடுத்து அந்தக் கடைசி வரியை மட்டும் எழுதிக்கொண்டார். நான்கு பக்கப் புகாரைக் கேட்டும் எதுவும் எழுதாத அக்கா, திட்டியதை ஏன் எழுதுகிறார் என்று சோடாவுக்குப் புரியவில்லை.

"சோடா, பழைய பேப்பர் நாலு கொண்டா."

நான்கு சக்கரத்துக்கும் கீழே நான்கு பேப்பரை விரித்தார்கள். அக்கா பானெட்டைத் திறந்து, பிரேக் ஆயில் டப்பாவைத் தேடிப் பிடித்து, டார்ச் அடித்தார். ஆயில் மேல்கோடு வரை நிறைந்து நின்றது. பத்து நிமிஷம் கழித்துப் பேப்பர்களை எடுத்துப் பார்த்தார்கள். முன்பக்கம் இரண்டு பேப்பரில் கிரீம் சொட்டியிருந்தது. ஆயில் ஒரு சொட்டுக்கூட இல்லை.

"குழாயை அறுத்தா ஆயில் தரையில இருக்கணும். டப்பா காலியா இருக்கணும். இங்க தரை காலி, டப்பா ரொம்பி இருக்கு."

"கழுத்தை அறுத்தும் ரத்தம் வரலைன்னா, அறுக்கலைன்னு அர்த்தம்," என்று சோடா மொழிபெயர்த்தான்.

மகள் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. ஸ்டியரிங்கம்மா அசையவில்லை. "அறுக்கலைன்னா வேற ஏதோ பண்ணியிருக்காரு."

அக்கா டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வலது கால் செருப்பைக் கழற்றி சோடாவிடம் கொடுத்தார். பெடலைச் செருப்புக் காலால் மிதித்தால் அது பொய் சொல்லும் என்பது அவர் கட்சி. மற்றத் துப்பறிவாளர்களின் உதவியாளர்கள் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்க, தான் மட்டும் செருப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பது குறித்து சோடாவுக்கு ஆறு வருஷமாக வருத்தம்.

வெறுங்காலால் அக்கா மெதுவாக மிதித்தார். பெடல் எந்த எதிர்ப்பும் காட்டாமல், ஊறிய பஞ்சு மாதிரி கீழே போனது.

"அப்படியே அழுத்திப் பிடிக்கறேன். முப்பது எண்ணு."

சோடா எண்ணினான். முப்பது வந்தது. கீழே போன பெடல் போன இடத்திலேயே நின்றது. அக்கா காலை எடுத்துவிட்டு, டப் டப் டப் டப் என்று வேகமாக நான்கு மிதி மிதித்தார். அவர் முழங்கால் மேலே மேலே வந்தது.

"பார்த்தியா? மிதிக்க மிதிக்க மேல வருது. அழுத்திப் பிடிச்சா இன்னும் கீழ இறங்கிட்டே போனா, ஆயிலைத் தள்ளற மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள்ள தேஞ்சு போச்சுன்னு சந்தேகப்படலாம். இது இறங்கலை. இது காத்து. பிரேக் குழாய்க்குள்ள காத்து மாட்டியிருக்கு."

"காத்து இருந்தா என்னக்கா?"

"ஆயிலை அமுக்க முடியாது. மிதிச்சா அந்த மிதி அப்படியே சக்கரத்துக்குப் போகும். காத்தை அமுக்கலாம். மிதிச்ச மிதியெல்லாம் காத்தை அமுக்கறதுலயே தீர்ந்துடும், சக்கரத்துக்குப் போய்ச் சேராது."

"என் சம்பளம் வீட்டுக்குப் போய்ச் சேராத மாதிரி."

அக்கா இறங்க வழிவிட்டு நகர்ந்தவன் காலில் ஏதோ ஒட்டியது. சீட்டுக்கு அடியிலிருந்து நழுவி விழுந்த ஒரு துண்டுச் சீட்டு. ஒரு மூலையில் கிரீம் விரல் ரேகை. சோடா அதை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தான்: 'அம்மா, வண்டியை எடுக்காதே. பிரேக் இன்னும் சரியாகலையாம்.'

ஒர்க் ஷாப்பே ஸ்டியரிங்கம்மாவைப் பார்த்தது.

"ஸ்டியரிங் மேல ஒட்டி வெச்சுட்டு சாமான் வாங்கப் போனோம்," என்றாள் மகள். "ஏம்மா, பார்த்தியா இல்லையா?"

"பார்த்தேன். கையெழுத்து உன்னோடது. வார்த்தை அவரோடது. 'சரியாகலையாம்'னு ஒரு 'யாம்' இருக்கே! அவர் சொல்லி நான் எதுக்குக் கேக்கணும்?"

"எச்சரிக்கை பண்ணிட்டுக் கொலை பண்றவரை நான் பார்த்ததே இல்லம்மா," என்றான் சோடா.

"அதுதான் தந்திரம்! நான் கேக்க மாட்டேன்னு தெரிஞ்சே எழுத வெச்சிருக்காரு!"

இந்த வாதத்துக்கு எந்த ஊர் வக்கீலாலும் பதில் சொல்ல முடியாது. சோடா மனதுக்குள் கைதட்டினான்.

அக்கா நேராக மாப்பிள்ளை முன்னால் போய் நின்றார். மணி மூன்று ஐம்பது.

"பிரேக் சரியில்லைன்னு உங்களுக்குத் தெரியும். என்ன பண்ணீங்க?"

"ஏர் எடுத்தேன் மேடம், அந்தக் காத்தை வெளிய விரட்டத்தான். ஒரு தடவை இல்ல, நாலு தடவை." மாப்பிள்ளைக்குக் குரல் பாதிதான் வந்தது. "ரெண்டு டின் புது ஆயில் காலி. கடைசியில ஒரு குமிழிகூட வரலை, சுத்தமா ஆயில்தான் வந்துச்சு. ஆனாலும் பெடல் மெத்துன்னுதான் இருக்கு. நான் எஞ்சின்னா கண்ணைக் கட்டிட்டுச் செய்வேன். பிரேக் வேலைக்கு வழக்கமா வேற ஆள் வருவாரு, அவர் லீவு."

"சரி. காத்து உள்ள எப்படிப் போச்சு? சும்மா இருக்கற குழாய்க்குள்ள காத்து போகாதே. எதைத் திறந்தீங்க?"

"எதையும் திறக்கலை. தேஞ்சு போன பிரேக் பேடு மட்டும்தான் மாத்தினேன்."

"பேடு மாத்தக் குழாயைத் திறக்கவே வேண்டாமே."

மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தார். பக்கத்தில் மகள் திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றாள். சோடாவுக்குச் சுருக்கென்றது. இதுவரை மாப்பிள்ளை நிரபராதி என்று அவனே முடிவு செய்திருந்தான். நிரபராதி எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

"பார்த்தீங்களா! முழிக்கறாரு!" ஸ்டியரிங்கம்மா துள்ளிய துள்ளலில் தோள் ரோஜா ஆடியது.

அப்போதுதான் சோடா மகளின் கையைப் பார்த்தான். கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் சிவப்பு. நகப்பூச்சு என்றால் பத்து விரலிலும் இருக்கும். ஒரே விரலில், அதுவும் தோலில் வழிந்த மாதிரி யாரும் பூசிக்கொள்ள மாட்டார்கள். அவன் சுற்றிலும் பார்த்தான். மூலையில் ஒரு டப்பா தின்னரில் ஒரு பிரஷ் தலைகீழாகக் குளித்துக்கொண்டிருந்தது. தின்னர் இளஞ்சிவப்பாக இருந்தது. வெளியே எங்கும் சிவப்பு இல்லை என்றால், பிரேக் இருக்கும் சக்கரத்துக்குள்தான் இருக்க வேண்டும்.

"அக்கா, சக்கர மூடியைக் கழட்டவா?"

"வேண்டாம்!" என்று கணவனும் மனைவியும் ஒரே குரலில் கத்தினார்கள்.

இதற்கு மேல் அனுமதி எதற்கு? சோடா முன்சக்கரத்தின் பிளாஸ்டிக் மூடியை நெம்பி எடுத்தான். சக்கரத்தின் இடுக்கு வழியே உள்ளே பளபளவென்று செக்கச் சிவந்து ஏதோ தெரிந்தது.

"ஐயோ ரத்தம்!" என்று ஸ்டியரிங்கம்மா நாற்காலியோடு பின்னால் போனார்.

"ரத்தம் இல்லம்மா, பெயின்ட்," என்றார் அக்கா குனிந்து பார்த்து. "கேலிப்பருக்கு அடிச்சிருக்காங்க."

கேலிப்பர் என்பது சக்கரத்துக்குள் சுழலும் வட்டத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற இரும்புக் கவ்வி. கார் நிற்பது அதன் பிடியில்தான். இந்தக் காரின் முன்பக்கக் கவ்விகள் இரண்டும் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டிருந்தன.

மகள் அழுதுவிட்டாள். "ஞாயித்துக்கிழமை ஸ்கூலுக்கு இருபத்தஞ்சு வருஷம் முடியுதும்மா. அன்னிக்கு சிக்னல்ல ஒரு ரேஸ் கார் நின்னப்ப, 'பாருடி, பிரேக்குக்கே சிவப்பு அடிச்சிருக்கான், நம்ம வண்டிக்கு அப்படி இருந்தா எப்படி இருக்கும்'னு கேட்டியே. நான் வந்து இவர்கிட்ட சொன்னேன். இவர்தான், 'அத்தை என்கூட பேச மாட்டாங்க, பெயின்டாவது பேசட்டும்'னாரு. குழாயைக் கழட்டி, கேலிப்பரை வெளிய எடுத்து, ராத்திரி பகலா தேய்ச்சு அடிச்சாரு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வேற."

ஸ்டியரிங்கம்மா முதல் முறையாக ஃபேனைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். அந்த நேரத்திலும் சோடாவுக்கு ஒரு ஜோக் தோன்றியது, ஆனால் சொல்லவில்லை. அதுவே அவன் செய்த பெரிய தியாகம்.

"அதெல்லாம் சரி," என்றார் ஸ்டியரிங்கம்மா, குரலைத் தேற்றிக்கொண்டு. "அழகா பெயின்ட் அடிச்சு அத்தையைக் கொன்னா பரவாயில்லையா? பிரேக் பிடிக்கலையே! அவர் வேலை தப்புதானே? இன்ஸ்பெக்டர் வரட்டும்."

மணி நான்கு பதினைந்து. ஆகக்கூடி, காற்று எப்படி உள்ளே போனது என்று தெரிந்துவிட்டது. நாலு தடவை விரட்டியும் ஏன் வெளியே போகவில்லை என்றுதான் தெரியவில்லை.

"சோடா, படு," என்றார் அக்கா.

சோடா படுத்தான். ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றிய இடத்தில் தலையை நுழைத்தான். முதுகில் கிரீம் பிசுபிசுத்தது.

"ஏர் எடுக்கற நிப்பிள் எங்க இருக்கு? சின்னத் திருகு, நுனியில ரப்பர் தொப்பி போட்டிருக்கும்."

"இதோ இருக்கு. என் மூக்குக்கு நேரா என்னையே பார்க்குதுக்கா."

"நீ எங்க படுத்திருக்கே?"

"தரையில."

"அப்போ அது?"

"கீழ பார்க்குது."

"அந்தப் பக்கச் சக்கரம்?"

சோடா உருண்டு போய்ப் பார்த்தான். "இதுவும் கீழதான்."

"மாப்பிள்ளை சார், நாலு தடவையும் நீங்க இப்படித்தான் படுத்து ஏர் எடுத்தீங்களா?"

"ஆமா மேடம். கைக்கு வாட்டமா முகத்துக்கு நேரா இருந்துச்சு. நல்ல டிசைன்னு நினைச்சேன்."

அக்கா சிரித்தார். ஆறு வருஷத்தில் அவர் பல் தெரியச் சிரித்து சோடா பார்த்தது மூன்றாவது முறை. "சோடா, எதிர்க் கடையில போய் ஒரு ஆரஞ்சு சோடா வாங்கிட்டு வா. பிளாஸ்டிக் பாட்டில்."

பேக்கரிக்காரர் உடைந்த ஷோகேசுக்கு அட்டை ஒட்டிக்கொண்டிருந்தார். இந்த ஒர்க் ஷாப்பிலிருந்து யார் வந்தாலும் இப்போது பயந்தார். பாட்டிலை எட்டி நின்றே நீட்டினார்.

அக்கா பாட்டிலை ஒரு குலுக்குக் குலுக்கி, அப்படியே தலைகீழாகப் பிடித்தார். குமிழிகளெல்லாம் அவசர அவசரமாக மேலே, பாட்டிலின் அடிப்பக்கத்துக்கு ஓடின.

"இதுதான் கேலிப்பர். மூடிதான் நிப்பிள். காத்து எங்க இருக்கு?"

"மேல," என்றார்கள் எல்லோரும்.

"மூடி?"

"கீழ."

அக்கா மூடியை லேசாகத் திருகினார். ஆரஞ்சு சோடா பீய்ச்சி அடித்து சோடாவின் சட்டையை நனைத்தது. நனைந்தவனைத் தவிர மற்ற எல்லோரும் பாட்டிலையே பார்த்தார்கள். தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. மேலே இருந்த காற்று அங்கேயே சொகுசாகக் குந்தியிருந்தது.

மாப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டார். "நிப்பிள் மேல இருக்கணும்! கேலிப்பர் பக்கம் மாறிடுச்சு! இடது பக்கத்துது வலதுல, வலது பக்கத்துது இடதுல!"

"அதேதான். ரெண்டும் ஜோடி, கண்ணாடியில பார்த்த மாதிரி இருக்கும். பக்கம் மாத்தினாலும் மாட்டிக்கும். ஆனா நிப்பிள் கீழ போயிடும். நாலு தடவை இல்ல, நாப்பது தடவை எடுத்தாலும் ஆயில்தான் வரும், காத்து வராது."

ஸ்டியரிங்கம்மா வெற்றியோடு எழுந்தார். ஐசிங் ரோஜா தரையில் விழுந்தது. "நான் அப்பவே சொன்னேனே! இடது வலது தெரியாத ஆளுன்னு! ஒத்துக்கிட்டாரா? எழுதிக்கோங்க!"

மாப்பிள்ளை தலை கவிழ்ந்தார். மகள் அவர் கையை விடவில்லை. சோடாவுக்குச் சப்பென்று ஆனது. மர்மம் தீர்ந்தது, ஆனால் மாப்பிள்ளை தீர்ந்தார். மணி நான்கு நாற்பது.

"எழுதியாச்சும்மா. அப்பவே எழுதிட்டேன்," என்றார் அக்கா நோட்டைத் திறந்து. "மாப்பிள்ளை சார், பெயின்ட் காய்ஞ்ச பிறகு எது எந்தப் பக்கத்துதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிட்டீங்க?"

"ரெண்டையும் தூசி படாம பேப்பர்ல சுத்தி, வாசலோரம் இருக்கற இந்த மேசை மேல வெச்சிருந்தேன் மேடம். கார்ல இருக்கற மாதிரியே, காருக்கு எதிர்ல. மேல சீட்டு எழுதி, பறக்காம இருக்க ஒரு நட்டு வெச்சிருந்தேன். 'வலது', 'இடது'ன்னு. அதைப் பார்த்துத்தான் மாட்டினேன்."

"சரி. ஸ்டியரிங்கம்மா, உங்க ஸ்கூல்ல முதல் நாள் முதல் பாடம் என்ன?"

தொழில் பற்றிக் கேட்டால் அந்த அம்மாளுக்குத் தனிக் குரல் வந்துவிடும். முதுகு நிமிர்ந்தது. "வண்டிக்கு இடது வலதுன்னா டிரைவர் சீட்ல உட்கார்ந்து பார்க்கறதுதான். எதிர்ல நின்னு பார்க்கக் கூடாது. எதிர்ல நின்னா எல்லாம் மாறித் தெரியும். இருபத்தஞ்சு வருஷமா சுவத்துல எழுதிப் போட்டிருக்கேன்!"

"அருமை. உங்க மாப்பிள்ளைக்கு இடது வலது தெரியாதுன்னு கண்ணாலயே பார்த்ததா சொன்னீங்களே. என்ன பார்த்தீங்க?"

"முந்தாநாள் சாயங்காலம் பொண்ணைப் பார்க்க இங்க வந்தேன். ரெண்டு பேரும் டீ குடிக்கப் போயிருந்தாங்க. இதோ, இந்த மேசைக்கு முன்னாலதான் நின்னேன். மேசையில ரெண்டு பொட்டலம். இடது பக்கப் பொட்டலத்து மேல 'வலது'ன்னு சீட்டு! வலது பக்கப் பொட்டலத்து மேல 'இடது'ன்னு சீட்டு! எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஒரு டிரைவிங் ஸ்கூல்காரி வீட்டு மாப்பிள்ளை இப்படியா? அதனால நானே ரெண்டு சீட்டையும் சரியா மாத்தி..."

அவர் நிறுத்தினார்.

மேசையைப் பார்த்தார். மேசைக்கு எதிரே தன்னைப் பார்த்தபடி நின்ற காரைப் பார்த்தார். தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தார். அந்தக் கை காட்டிய பக்கம் காரின் வலது ஹெட்லைட் இருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பதை சோடா பள்ளியில் படித்திருந்தான். கண்ணெதிரே நடந்து பார்த்தது இன்றுதான்.

"எங்க நின்னு மாத்தினீங்க?" என்று அக்கா மென்மையாகக் கேட்டார்.

"எதிர்ல நின்னு," என்றார் ஸ்டியரிங்கம்மா. குரல் கீச்சென்று வந்தது.

"மாமியார் உடைச்சா மண்குடம், மாப்பிள்ளை உடைச்சா போலீஸ்," என்றான் சோடா. மூடி கழன்றுவிட்டது, இனி அவனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

மகள்தான் முதலில் சிரித்தாள். அடக்கப் பார்த்து, முடியாமல், மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அவர் ஏற்கெனவே கேலிப்பரின் போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டிருந்தார். சந்தோஷம் வந்தால் வேலை செய்கிற ஜாதி அவர்.

இரண்டு கேலிப்பரும் அதனதன் பக்கத்துக்குப் போகப் பதினெட்டு நிமிஷம் ஆனது. நிப்பிள் இரண்டும் இப்போது வானத்தைப் பார்த்தன. இனி ஏர் எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் உள்ளே பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும், மற்றவர் சக்கரத்தருகே நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். திறந்திருக்கும்போது காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். அதனால் இருவரும் ஒவ்வொரு மிதிக்கும் பேசிக்கொண்டே ஆக வேண்டும்.

சோடா ஏறப் போனான். அக்கா அவன் காலரைப் பிடித்து இழுத்தார். மகளும் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறப் போனாள். அவளையும் அக்கா கண்ணாலேயே நிறுத்தினார்.

ஸ்டியரிங்கம்மாவுக்குப் புரிந்துவிட்டது. செருப்பைக் கழற்றி, யாரையும் பார்க்காமல், சோடாவின் கையில் கொடுத்துவிட்டு டிரைவர் சீட்டில் ஏறினார்.

சக்கரத்துக்குப் பின்னால் மாப்பிள்ளை நிப்பிளில் ஒரு குழாயை மாட்டினார். அப்புறம் ஒரு சின்னக் குரல்.

"மிதிங்க, அத்தை."

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதனிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

"மிதிச்சுட்டேன்."

"அப்படியே பிடிங்க."

நிப்பிளில் மாட்டிய குழாயில் புர்ரென்று குமிழி கிளம்பியது.

"வருது, வருது! காத்து வருது! விடாதீங்க!"

"விடலை மாப்பிள்ளை! நீங்க மூடுங்க!"

"மூடிட்டேன். இப்ப விடுங்க. மறுபடி மிதிங்க!"

இருபத்தைந்து வருஷமாக ஊரையே 'மிதி, மிதி' என்று அதட்டிய அம்மாள், மாப்பிள்ளை சொல்லச் சொல்ல மிதித்தார். முதலில் மெதுவாகப் பேசினார்கள். பிறகு கத்தினார்கள். ஒன்றரை வருஷ பாக்கியை ஒரே நாளில் தீர்த்துவிடுகிற கத்தல். டப்பாவில் ஆயில் குறையக் குறைய மகள் ஊற்றினாள். சோடா ஸ்டியரிங்கம்மாவின் செருப்போடு ஆனந்தமாக நின்றான்.

"கல்லு மாதிரி நிக்குது, மாப்பிள்ளை!" என்று உள்ளிருந்து ஒரு கூவல் வந்தது.

ஐந்து மணிக்கு வர வேண்டிய இன்ஸ்பெக்டர், இருபது நிமிஷம் தாமதமாக, அப்போதுதான் கேட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தார். சக்கரம் மாட்டியாகிவிட்டது. ஸ்டியரிங்கம்மா பொறுக்க மாட்டாமல் காரை ஸ்டார்ட் செய்து சரிவில் விட்டார். எதிரே பேக்கரிக்காரர் அட்டைக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். ஸ்டியரிங்கம்மா மிதித்தார். கார் கேட்டுக்குள்ளேயே, இன்ஸ்பெக்டருக்கு மூன்றடி முன்னால், ஆணி அடித்தாற்போல நின்றது. கூரையிலிருந்த தலையில்லாத அன்னப்பறவை மட்டும் நிற்கவில்லை. அது பறந்து போய் இன்ஸ்பெக்டரின் தொப்பியில் உட்கார்ந்தது.

"சாட்சியம் சார், தொடாதீங்க," என்றான் சோடா.

இன்ஸ்பெக்டர் பறவையைத் தொப்பியோடு கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தன் பதவிக்குரிய குரலில் கேட்டார். "கொலை முயற்சின்னு போன் பண்ணீங்களே. புகார் எங்க?"

ஸ்டியரிங்கம்மா காரிலிருந்து இறங்கி, நான்கு பக்கப் புகாரை எடுத்தார். அதை நான்காக மடித்தார். வலது காதுக்கு மேலே, காலையிலிருந்து யாரையும் தொட விடாமல் காத்துவந்த கிரீமை அந்தத் தாளாலேயே ஒரேயடியாக வழித்துத் துடைத்தார். கசக்கி இன்ஸ்பெக்டர் கையில் வைத்தார்.

"கேக்குல சர்க்கரை ஜாஸ்தி. அதுதான் புகார்."

பிறகு திரும்பினார். ஆயில் கையைத் துணியில் துடைத்தபடி நின்ற மாப்பிள்ளையை, ஒன்றரை வருஷத்தில் முதல் முறையாக, முகத்துக்கு நேராகப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. குரல் மட்டும் பழைய அதட்டல்.

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு கிளாஸ். லேட்டா வந்தா ஃபெயில்."

"சரிங்க, அத்தை."

"வந்து எதிர்ல நிக்காதீங்க. எதிர்ல நின்னா என் இடது உங்களுக்கு வலதாத்தான் தெரியும்." அவர் காரின் பக்கத்துச் சீட்டுக் கதவைத் திறந்து பிடித்தார். "பக்கத்துல உட்காருங்க, மாப்பிள்ளை. அப்போ ரெண்டு பேருக்கும் ஒரே இடதுதான்."